மேல்முறையீட்டின் கடைசிப் பத்தி

மெட்டுகுடா
சனிக்கிழமை, காலை ஆறரை

தள்ளினான். அடிக்கவில்லை, தள்ளினான். இரண்டு கையாலும், நெஞ்சில். நீ மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் வெயில் கண்ணில் அடித்தது, சரியாகத் தெரியவில்லை என்றேன். வெயில் எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது ஷோபா.

அன்புள்ள ஷோபாவுக்கு, நான், உன் அப்பா, உன் தம்பி மூவரும் நலம், அதாவது மூவருக்கும் காய்ச்சல் இல்லை. லீட்ஸ் குளிரில் நீயும் இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், ஏனென்றால் போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், டைப் செய்தால் கை தவறி வாட்ஸாப் குழுவுக்குப் போய்விடுகிறது. போன வாரம் மளிகைச் சாமான் பட்டியல் அங்கே போய், துவரம்பருப்புக்கு மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். "எலாங்கோவுக்கு நீதி" என்று அதற்குப் பெயர். பெயரை இளங்கோ என்று சரியாகச் சொல்லக்கூட வராதவர்கள் பாதிப் பேர். இருநூற்றுப் பதினான்கு உறுப்பினர்கள். தம்பி ஆடியபோது மைதானத்துக்கு வந்தவர்கள் பதினைந்து பேர், அதில் நான் ஒருத்தி, இரண்டு பேர் குறுக்கு வழியில் பால் வாங்கப் போனவர்கள். ஆடும்போது இல்லாத ரசிகர்கள் ஆடக்கூடாது என்றதும் வந்துவிட்டார்கள். ஆறு மாதத் தடை என்று லீக் கமிட்டியின் கடிதம் வந்த அன்று எழுபது பேர் சேர்ந்தார்கள். கோல் போட்ட அன்றுகூட யாரும் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை.

உன் அப்பாதான் அட்மின். ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்று எட்டு மாதம் லுங்கியோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் இப்போது தினமும் சவரம் செய்துகொள்கிறார். காலையில் பத்து மணிக்கு டீக்கடை, மாலையில் ஐந்து மணிக்குக் கம்யூனிட்டி ஹால். திரும்ப ஷிப்ட் வந்துவிட்டது மனிதருக்கு. அதைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் ஒரு வீடியோவைத்தான் தினமும் பார்க்கிறார்கள். பதினோரு நொடி. தம்பி போட்ட கோலை செல்லாது என்று ரெப்ரி கிருஷ்ணா கை காட்டுகிறார், தம்பி அவரை நோக்கிப் போகிறான், கைகள் எழுகின்றன, அந்த நேரத்தில் படம் எடுத்தவன் கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பி அநியாயம் என்று கத்துகிறான். அவ்வளவுதான். கை பட்டதா படவில்லையா என்று நான்கு வாரமாக விவாதம். ஒருவர் காற்று என்கிறார். ஒருவர் ரெப்ரியே காலை மடக்கினார் என்கிறார். அதற்கு அடுத்த நொடி, கிருஷ்ணா சாக்கடை ஓரத்து சிமென்ட் விளிம்பில் இடது கையை ஊன்றி விழுந்தது, எந்த வீடியோவிலும் இல்லை. என் கண்ணில் இருக்கிறது. மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பட்டான்செருவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிற வேலை அவருக்கு. எத்தனை வாரத்தில் சேரும் என்று நர்ஸ் வேலை பார்க்கிற உன்னிடம்தான் கேட்டிருக்க வேண்டும். இருநூற்றுப் பதினான்கு பேரில் யாரும் கேட்கவில்லை. நீயும் குழுவில் அதை எழுதவில்லை. "அநீதிக்குத் தலை வணங்காதே தம்பி, சுப்ரீம் கோர்ட் வரை போவோம்" என்று எழுதினாய், கீழே முறுக்கிய கை பொம்மை மூன்று. உன் அப்பா அதை டீக்கடையில் எழுந்து நின்று வாசித்தாராம். போவோம் என்றால் யார் யார்? உனக்கு லீவு எப்போது?

மேல்முறையீட்டைப் பாலசுப்ரமணியன் சார் எழுதினார். நினைவிருக்கும், ஒர்க்‌ஷாப் ஆபீஸ் ஹெட் கிளார்க், நம் காலனியில் சார்ஜ் ஷீட் வாங்கிய அத்தனை பேருக்கும் பதில் எழுதிக் கொடுத்தவர். அவர் முறை உனக்குத் தெரியாது. மூன்று பக்கம் மறுப்பார். நான் அன்று அங்கே இல்லை, இருந்தாலும் செய்யவில்லை, செய்ததாகச் சொல்பவருக்குப் பார்வை சரியில்லை. கடைசிப் பத்தி மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: நடந்ததற்கு வருந்துகிறேன், இனி ஒருபோதும் நடக்காது, குடும்பச் சூழ்நிலையைக் கருதி இம்முறை மன்னித்தருள வேண்டும். அதிகாரி அதை மட்டும்தான் படிப்பார், கையெழுத்துப் போட்டுவிடுவார். உன் அப்பாவும் ஒரு ஸ்பேனர் செட் காணாமல் போனதற்கு இப்படிக் கையெழுத்துப் போட்டவர்தான். அது காணாமல் போன வாரம் நீ பிறந்தாய், அவர் லீவில் இருந்தார். இங்கே அப்படித்தான், யாரும் தவறாக நினைப்பதில்லை. தம்பிக்கும் சார் நான்கு பக்கம் எழுதினார். கை படவேயில்லை என்று மூன்றே முக்கால் பக்கம். அப்புறம் பேனா தன் வழியில் போய்விட்டது. இனி ஒருபோதும் நடக்காது, மன்னித்தருள வேண்டும். கம்யூனிட்டி ஹாலில் அதை உரக்கப் படித்தபோது கைதட்டினார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய காது.

லீக் கமிட்டிக்காரர்கள் ரயில்வே இல்லை. எழுதியதை எழுதியபடி படித்திருக்கிறார்கள். மேல்முறையீடு தள்ளுபடி, ஆனால் ஆட்டக்காரரே கடைசிப் பத்தியில் ஒப்புக்கொண்டு வருந்தியிருப்பதால், ரெப்ரியை நேரில் பார்த்து மன்னிப்புக் கடிதம் கொடுத்து, அதில் அவர் கையெழுத்தையும் வாங்கி இன்று மாலை ஐந்துக்குள் ஒப்படைத்தால் இதுவரை கழிந்த நான்கு வாரத்தோடு தடை முடிந்தது என்று பதில் வந்தது. வியாழக்கிழமை வந்தது. இதை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், தள்ளுபடி என்ற வார்த்தையை மட்டும் குழுவில் போட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு ஆள் எடுக்கிற ட்ரையல் வரும் செவ்வாய்க்கிழமை. தடையில் இருப்பவன் போக முடியாது. மார்ச்சில் அவனுக்கு இருபத்தைந்து முடிகிறது, அதன் பிறகு வயது வரம்பு தாண்டிவிடும். இன்னொரு ட்ரையல் அவனுக்கு இல்லை.

ரசிகர்களுக்கோ கடைசிப் பத்திதான் இப்போது வழக்கு. செகந்திராபாத் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற வெங்கட்ரமணன் இருக்கிறாரே, இருபது வருடம் மனுக்களை நகல் எடுத்து நகல் எடுத்து அவரே வக்கீலாகிவிட்டார். அந்தப் பத்தி நிர்ப்பந்தத்தில் எழுதியது என்று ரிட் போட்டால் ஒரே நாளில் ஸ்டே என்கிறார். கைக்கு மாஃபி, எதுக்கு மன்னிப்பு, நக்கோ, வேணாம், மன்னிப்புக் கேட்டா கேஸே போச்சு பெருமாள் பாய் என்று உன் அப்பாவின் தோளைத் தட்டுகிறார். யார் நிர்ப்பந்தித்தது என்று கேட்டேன். எல்லோரும் பாலசுப்ரமணியன் சாரைப் பார்த்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, அது ஃபார்மட் அம்மா, ஃபார்மட்டைப் போய் யாராவது அர்த்தம் பார்ப்பாங்களா என்றார். ஸ்டே வந்தாலும் செவ்வாய்க்குள் வருமா என்றதற்கு, ட்ரையல் இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு, தீர்ப்பு வந்தா ஹிஸ்டரி ஆன்ட்டி என்றார் வெங்கட்ரமணன். நீங்க ஐ விட்னஸ், கை படலேன்னு அபிடவிட்ல ஒரு சைன் போதும் என்றும் சொன்னார். அப்போதுதான் நான் வெயிலைக் கண்ணுக்கு வரவழைத்தேன். படவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பட்டது என்று சொல்லவும் வரவில்லை. மகன் ஆயிற்றே. பொய் சொல்ல எனக்கு ஹெட் கிளார்க் தேவைப்படவில்லை.

நேற்று நான் கெஞ்சியதால் மன்னிப்புக் கடிதமும் சாரே எழுதிக் கொடுத்தார். அதையும் படி: "ஆட்டத்தின் வேகத்தில் உடல் தொடர்பு ஏதும் ஏற்பட்டதாக நடுவர் கருதுவாரேயானால், அவருடைய அந்தக் கருத்துக்கு, பின்னால் தொடுக்கப்படும் வழக்குக்குப் பாதகமின்றி, வருந்துகிறேன்." மறுப்பில் மன்னிப்பு, மன்னிப்பில் மறுப்பு. செய்யாததற்கெல்லாம் வருந்திக் கையெழுத்துப் போட்ட காலனி இது. செய்த ஒன்றுக்கு வருந்தச் சொன்னால் ஹைகோர்ட்டுக்கு வழி கேட்கிறது. இந்தத் தாளைக் கிருஷ்ணாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னொரு கையாலும் கையெழுத்துப் போட மாட்டார்.

தம்பி பேசுவதில்லை. பின்பக்கச் சுவரில் பந்தை உதைக்கிறான், எடுக்கிறான், உதைக்கிறான். நேற்று சாப்பிடும்போது ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தான், தெலுங்கில், அக்கா ஏமண்டோந்தி என்றான். அக்கா என்ன சொல்கிறாள். நானும் இல்லை, அப்பாவும் இல்லை, இருநூற்றுப் பதினான்கு பேரும் இல்லை, நீ. அதனால்தான் விடிந்ததும் எழுதுகிறேன். கிருஷ்ணா வீடு சனத்நகர். இரண்டாம் ஷிப்டுக்குப் பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுவார், கையில் கட்டோடு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்களாம். நீ எழும்போது இங்கேயும் பன்னிரண்டரை. எழுந்ததும் கோர்ட் என்று எதுவும் எழுதாதே. முறுக்கிய கையும் வேண்டாம். தம்பிக்கு மட்டும் போய்க் கொடுடா என்று ஒரு வார்த்தை அனுப்பு, முடிந்தால் அலாரத்துக்கு முன்னாலேயே விழித்துக்கொள்.

அங்கே வெயில் இல்லாததால் வைட்டமின் டி மாத்திரையை விடாதே. ஹீட்டரைக் காலடியில் வைத்துத் தூங்காதே, உனக்குப் பித்தவெடிப்பு வரும். உன் அப்பாவிடம் கோபப்படாதே, அவருக்கு நல்ல எண்ணம்தான், ஆள் கூட்டம்தான் அதிகம். நீ தொட்டதெல்லாம் நன்றாக நடக்கட்டும், உன் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லாம் வலிக்காமல் எழுந்து வீடு போகட்டும்.

அன்புடன்,
உன் அம்மா
செல்லம்மா

பின்குறிப்பு: படம் அனுப்பி ஒரு மணி நேரம் பார்த்தேன். நீலக் கோடு வரவில்லை, உனக்கு அது நடு இரவு. காத்திருக்கவில்லை. சாரின் தாளை நான்காக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் வைத்தேன். தம்பியை எழுப்பி வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து எதிரே உட்கார்ந்தேன். அக்கா என்ன சொன்னாள் என்றான், தூங்குகிறாள் என்றேன். வெகு நேரம் கழித்துத் தெலுங்கில் இரண்டு வரி எழுதினான். தள்ளியதை நான் பார்த்தேன் என்று அதன் கீழே எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். அவன் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். பத்து மணிக்கு இருவரும் சனத்நகருக்கு ஆட்டோ ஏறினோம்.