முப்படிக் கணக்குக்கு மூன்று விடை

என் பிரிய தேவா,

மூன்று இருந்தன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பரீட்சையில் வந்த அந்த முப்படிக் கணக்கு. x³ − 3x + 1. இதைப் பூஜ்யமாக்கும் மெய்யெண்கள் எவை? கடைசி எண்ணை வகுக்கும் எண்களைப் போட்டுப் பார்ப்பதுதான் நமக்குப் பழகிய முறை. நீ அதோடு நிறுத்திவிட்டாய். கோரிப்பாளையத்து வீட்டில், காய்ச்சலில் படுத்துக்கொண்டு சொன்னாய்:

"ஒண்ணு போட்டேன், மைனஸ் ஒண்ணு போட்டேன். பூஜ்யம் வரல. விடையே இல்லைன்னு எழுதிட்டேன் மாப்ள. நீ?"

எனக்கு மூன்று வந்திருந்தது.

"நானும் அதேதான்டா."

"அப்பப் பாஸுதான். உன்னயப் பாத்து எழுதுனேன்னு ஊருக்குள்ள சொல்லித் திரியாத."

உன் அப்பா கட்டிலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் நீ இல்லை.

பத்திரிகையில் பாஸானவர்களின் எண்கள் வந்தன. என் எண் இருந்தது. உன்னுடையது இல்லை. பேப்பரை மடித்து வைத்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன்கூட.

நேற்று உன் அப்பா கூப்பிட்டு அனுப்பியிருந்தார். வைகைப் பாலத்தை வெயிலில் நடந்தே கடந்தேன். மேசைமேல் மனு ஒன்று இருந்தது. மிஷன் பள்ளிக் குமாஸ்தாவான உன் அப்பாவின் அழகான கையெழுத்து. உன் கணக்குத் தாளை மறுபடி திருத்தக் கோரியிருந்தார். நீ எழுதியது சரி என்பதற்கு உடன் எழுதிய மாணவன் சாட்சி. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"போடுங்க தம்பி. இன்னைக்கே தபால்ல சேக்கணும்."

பேனாவை வாங்கி, மனுவின் பின்பக்கம் எழுதினேன். −2 போட்டால் −1. −1 போட்டால் 3. 0 போட்டால் 1. 1 போட்டால் −1. 2 போட்டால் 3. குறி மாறும் இடத்திலெல்லாம் நடுவே ஒரு விடை இருக்கிறது என்றேன். அவர் விரல் வைத்து எண்ணினார். மூன்று.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

தெரியாதுதானே, தேவா?

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் பென்சிலை எடுத்து 1.5 போட்டுப் பெருக்கினார். பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே. 1.6, மேலே. 1.53, இன்னும் கீழேதான். 1.54, மேலே. தாளில் இடம் தீர்ந்துவிட்டது. மனு இனி தபாலுக்கு ஆகாது.

"இது எங்க போயி முடியும்?"

"முடியாதுங்க. தசமம் போய்க்கிட்டே இருக்கும்."

பென்சிலைத் தாள்மேல் வைத்தார்.

"அப்ப ஞாயித்துக்கெழமை கோயில்ல ஆராதனை முடிஞ்சதும் வாங்க. அடுத்ததப் பாப்போம்."

வாரேன் என்று சொல்லிவிட்டேன். போவேன். இனி உன் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்வேன்.

உன் மாப்ள,
ராமு