மூன்று மாரி நனைந்த சாதாளை

மச்சான்,

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கிடந்த ஓர் உரப்பையை இன்று காலை வெளியே இழுத்தேன். கடலும் காடும் கலியாணம் முடித்து ஆயிரம் வருடம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியது போல ஒரு வாசம் எழும்பியது. பையோடு சீமெந்துத் தரையில் குந்தினேன். அந்தப் பைக்குள் இருப்பது என்னவென்று இந்த அண்டசராசரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இன்று காலை வரைக்கும் நினைத்திருந்தேன்.

நம் இரண்டு குடும்பமும் பாதி பாதியாக வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்கிறார். உன் பாதி, என் பாதி இரண்டையும் மாத முடிவுக்குள் விட வேண்டுமாம். "உங்கட தோட்டத்தையும் அள்ளிக்கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் இந்தத் துப்புரவு.

மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் இந்த முற்றத்தைப் போல் ஒரு முற்றம் உண்டா? நாட்டில் பாலங்கள் கட்டி மிஞ்சிய சீமெந்து முழுவதையும் இங்கேதான் கொட்டியிருப்பார்கள். மத்தியானத்தில் ஒரு நண்டு தவறி இறங்கினால், சிவந்து வெந்து, கறிக்கு ஆயத்தமாகத்தான் மறுகரை சேரும். இதில் தோட்டம் போடுவோம் என்று நீ சொன்னபோது, உனக்கு வெயில் பிடித்துவிட்டது என்று நான்கு வீடு கேட்கச் சிரித்தேன்.

"நிலத்தை உடைக்கக் கூடாது எண்டுதானே வீட்டுக்காரர் சொன்னவர்? மேல கட்டக் கூடாது எண்டு சொல்லேல்லையே" என்றாய்.

பனஞ்சிலாகைச் சட்டங்களால் நான்கு பெட்டி அடித்தாய். தண்ணீர் வடியட்டும் என்று அவற்றைக் கல்லின் மேல் தூக்கி வைத்தாய். அடியில் என் கிழிந்த வலை, அதற்கு மேல் தேங்காய்ப் பொச்சு, அதற்கும் மேல் மண். எந்த மண்? மலைநாட்டிலிருந்து வந்த உன் தகப்பன் தீவுக்கு அப்பால் அடம்பனில் பற்றை வெட்டித் திருத்திய காணியின் மண். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வரும்போது ஒரு பை. பஸ்ஸில் கொண்டக்டர் கத்துவான்: "அண்ணை, அடம்பனில கொஞ்சமாவது மிச்சம் விடுங்கோ!"

என் பங்குக்குக் கடற்கரையில் ஒதுங்கிய கடற்புல்லை, எங்கள் சாதாளையை, மலை போல அள்ளி வந்தேன். நீ ஒரு இழையைக் கிள்ளிப் பார்த்தாய்.

"மண்ணுக்கு அருமையான பசளை. ஆனா இப்ப போட்டா உப்பு எரிச்சுப்போடும். வெளியில கிடக்கட்டும். ஒரு மாரி கழுவட்டும்."

மாரிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. நானோ ஏற்கெனவே கோயிலடியில் பாதிரியாரிடம் முழங்கியிருந்தேன்: "சுவாமி, இந்த முறை திருநாளுக்கு எங்கட கத்தரிக்காய்தான் காணிக்கை. ஒரு காயைத் தூக்க நாலு பேர் வேணும், இப்பவே ஆளைப் பாத்து வையுங்கோ." கடலில் பிறந்தவனுக்கு உப்பைப் பற்றி ஒருவன் பாடம் எடுப்பதா என்ற திமிரும் இருந்தது. நீ அடம்பனுக்குப் போயிருந்த ஒரு பகலில் பெட்டிகளின் மண்ணை விலக்கி, ஈரச் சாதாளையைத் திணித்து மூடிவிட்டேன்.

நீ நட்ட கன்றுகள் இரண்டு கிழமையில் ஓரம் கருகின. பிறகு எல்லாம் சாய்ந்தன. நீ பெட்டியடியில் குந்தி மண்ணைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாய். "மண்தான் பிழை போல" என்றாய். அந்த நொடியில் வாயைத் திறந்திருக்கலாம். அவ்வளவு பெரிய என் வாய், மன்னார்க் கடலையே கொப்பளித்துத் துப்பக்கூடிய வாய், அன்று திறக்கவில்லை.

அதோடு விட்டேனா? ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் கூடி நிற்க, "அடம்பன் மண்ணுக்கு எங்கட தீவு பிடிக்கேல்லையாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே சேட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாய்.

மறுநாள் முதல் திரும்பவும் பை பையாக மண் சுமந்தாய். "அடிப்பக்கத்தை நான் துப்புரவாக்கிறன்" என்று முந்திக்கொண்டு, சாதாளையை உருவி இந்தப் பைக்குள் அடைத்து, வாய் கட்டாமலே தாங்கிக்குப் பின்னால் ஒளித்தேன். அதன் பின் கத்தரி காய்த்தது, வெண்டி காய்த்தது. கோயிலுக்கும் கொடுத்தோம். மூன்றாம் மாரி, அதுதான் போன மாரி, முதல் மழையன்று நீ வயலிலேயே விழுந்தாய், பிறகு எழும்பவில்லை.

இன்று நான் பையோடு குந்தியிருக்க, உன் மகள் தன் பங்கு மண்ணை அள்ள வந்தாள்.

"என்ன மாமா இது? தேயிலை மாதிரிக் கிடக்கு."

சொல்லிவிட்டேன். தலையை நிமிர்த்தாமல், ஒரு அலங்காரமும் இல்லாமல், முழுவதையும். "பிள்ளை, உன்ர அப்பாவின்ர மண்ணில ஒரு பிழையும் இல்லை. நான்தான்."

அவள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும் மாமா. அண்டைக்கே ஒரு கிள்ளு மண்ணை உள்ள கொண்டுவந்து நாக்கில வச்சுப் பாத்தவர்."

"பிறகேன் மண்தான் பிழை எண்டவன்? ஏன் திரும்பவும் சுமந்தவன்?"

"அம்மாவும் சண்டை பிடிச்சவ, போய்க் கேளுங்கோ எண்டு. அதுக்கு அப்பா, 'கேக்கத் தேவையில்லை, அவனே வந்து சொல்லுவான். ஒரு மாரி போகட்டும்' எண்டவர்."

மச்சான், நீ இரண்டு மாரி காத்திருந்தாய். பின்னேரங்களில் பெட்டியடியில் என் பக்கத்தில் வந்து குந்துவாயே, ஒன்றும் பேசாமல்? கால் நோகிறது என்று நினைத்தேன். நான் கதைத்துக்கொண்டே இருந்தேன்: திமிங்கிலத்தை வாலில் பிடித்த கதை, புயலை அதட்டித் திருப்பிய கதை. இந்த ஒன்றைத் தவிர எல்லாம்.

மண் முழுவதையும் உன் மகளுக்கு விட்டுவிட்டேன். எனக்கு இந்தப் பை மட்டும். புது வாடகை வீட்டுக்குச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகப் போகிறேன். அங்கேயும் முற்றம் சீமெந்துதான்.

அவள் போன பிறகு ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தேன். கறுத்து, தூளாகி, மழைநீர் போலச் சப்பென்று இருந்தது. உப்பே இல்லை. இந்தக் கடற்புல்லுக்கு ஒரு மாரி போதும் என்றாய், சரிதான். எனக்குத்தான் நீ வைத்த தவணை போதவில்லை.