செல்வி தைத்த முகக்கவசங்கள்

2020 மே, செவ்வாய் இரவு.

கோபம் அடங்கவில்லை. கொழும்புக் கார்மெண்ட் ஆலையில் வேலை போய் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுக்குத் திரும்பிய செல்வியிடம் தோட்டத்து ஆட்களுக்குக் கூலிக்கு முகக்கவசம் தைக்கச் சொன்னது எங்கள் நிவாரணக் குழுதான். இன்று தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தன் பெயர் அச்சடித்த கவசங்களை வேன் நிறையக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் இறக்கினார்.

"இது சும்மாவே கெடைக்குது டீச்சர். அந்தப் புள்ளகிட்ட வேணாம்னு சொல்லிருங்க."

"நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வேனில் ஏறிவிட்டார்.

நான்தான் போனேன். செல்விக்கு விஷயமே தெரியவில்லை. "பெரியவங்களோடது முடிஞ்சிருச்சு டீச்சர். பிள்ளைகளுக்குச் சின்னதாத் தைக்கவா?" என்று கேட்டாள்.

"தைம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாளை காலை கவசங்களைப் பங்கிட வேண்டும். அவருடைய மூட்டைகள் கிடக்கும் அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. அவர் சாவியைத் தேடட்டும்.