ஏழில் நின்ற எண்

ராய்ஸ்,

அடுப்பில் பீன்ஸ் இருக்கிறது. சோளரொட்டியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். நான் டல்சாவுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். கோழிகளுக்குத் தண்ணீர் வை.

நேற்று உன் பிக்கப் வண்டியில் என் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். டிரெய்லரின் கனத்துக்கு ஏற்ப அதன் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் திருகில் எண் ஏழில் நின்றது. நீ என்ன சொன்னாய்? "வண்டிய உசத்திட்டேன்ல, டிரெய்லர் மாட்டுற கொக்கி ரொம்ப மேல போயிருச்சு. அதான் இறக்கமான கொக்கி ஒண்ணு மாட்டி சும்மா இழுத்துப் பாத்தேன். டிரெய்லர் காலிதான்டி!"

காலி டிரெய்லருக்கு இரண்டே அதிகம். ஏழு வைத்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்க்கும். இருபது வருஷம் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? உள்ளே அப்படி என்ன கனம்? டிரெய்லர் கதவுக்குப் புதுப் பூட்டு எதற்கு?

பரணிலும் பார்த்துவிட்டேன். உன் ரேஸ் ஹெல்மெட்டைக் காணோம். ரேஸில் இடுப்பெலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "ரேஸ் காரை வித்துடுறேன் வெர்னா, இனி அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னவன் நீதானே?

வெர்னா

பி.கு: கொக்கிக்குக் குறுக்கே போடும் பின்னைத் தேடாதே. என் கைப்பையில் இருக்கிறது.

இன்னொன்று: அந்தப் பின்னைப் போடாமல் கிளம்பினால் வண்டி மட்டும் போய்விடும், பின்னால் வந்தது நடுரோட்டில் நின்றுவிடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினொரு நாள் நான் அப்படித்தான் நின்றேன்.