நைனாவின் சாப்பாட்டுத் தூக்கு

ஆகஸ்ட் 3, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஐஸ்பெட்டியோடு செஞ்சி கறிக்கடை. கூட்டத்துக்கு நடுவே கடைக்காரர் கத்தல்: "வழி வுடுங்கப்பா, கர்ப்பப்பை அம்மா வந்துட்டாங்க!" எல்லோருக்கும் சிரிப்பு. நாசமாய்ப் போக. பெட்டை ஆட்டின் கருப்பை இரண்டு.

பஸ்ஸில் ஐஸ்பெட்டியைப் பார்த்துக் கண்டக்டர்: "இன்னாம்மா, மீனா?" ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

காலேஜ் ஆய்வகம். திசுவை நறுக்கி இரண்டு குப்பி. ஒன்று சும்மா. மற்றதில் மெஃபனமிக் அமிலம். திசுவிலுள்ள நொதியை அது தடுத்தால் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பது குறையும். (இனி பு. என்றே எழுதுவேன், கை வலிக்கிறது.) கருப்பையை இறுக்கி வலி கொடுப்பது இந்தப் பு.தான். சும்மா குப்பியில் ஏராளம், மருந்துக் குப்பியில் சொற்பம். இன்னும் ஒரே தடவை இப்படி வந்தால் ஆய்வேடு எழுத உட்காரலாம்.

ஆக. 4
பெரியப்பா பார்த்திருக்கிறார். மல்லாட்டைக் கடலை மூட்டை விற்க வந்தவருக்குக் கறிக்கடைப் பக்கம் என்ன வேலை? நைனாவுக்கு போன்: "உம் பொண்ணு கறிக்கடையில நிக்குது. ஜைனக் குடும்பம்னு சொல்லிக்க வெக்கமா இருக்குது."

பொழுது சாய்வதற்குள் சாப்பிடும் வீடு. இன்று யாரும் சாப்பிடவில்லை.

அம்மா: "உயிரக் கொன்ன பாவம்டி."

"நானா கொன்னேன்? நாய்க்குப் போடறத வாங்கறேன்."

நைனா: "நாளையிலேர்ந்து காலேஜ் கெடையாது."

பெரியப்பாவை நினைத்தாலே பற்றி எரிகிறது.

ஆக. 5
தூறல். விடியுமுன் யாருக்கும் தெரியாமல் போய் வாங்கி வந்தேன். குளித்து வருவதற்குள் பெட்டியைக் காணோம்.

"குப்பையில கொட்டிட்டேன். போய்ப் பொறுக்கிக்கோ" என்கிறார் நைனா.

ஓடினேன். தெருநாய்கள் முந்திக்கொண்டன. பெட்டி உடைந்து கிடந்தது. அழவில்லை. அழுதால் அவருக்கு வெற்றி.

ஆக. 6
தங்கைக்கு மாதாந்திர வலி. சுருண்டு கிடந்தாள். நைனாவே மெடிக்கலுக்கு ஓடி மாத்திரை வாங்கி வந்தார். அட்டையைப் பிடுங்கிப் படித்தேன். மெஃபனமிக் அமிலம்!

"நைனா, நான் குப்பில ஊத்தற மருந்து இதான். இது கேக்கும்னு எப்படித் தெரிஞ்சிதாம்? எத்தினி ஆடு, எத்தினி எலியோ."

"அதுக்கு? குடுக்காதன்றியா?"

அட்டை என் கையில். தங்கை முனகல்.

அம்மாதான் அதைப் பறித்து நைனாவிடம் நீட்டினாள். "மொதல்ல புள்ளைக்குக் குடு. பாவத்த அப்புறம் பாத்துக்கலாம்."

தங்கை தூங்கிவிட்டாள். காலையில் கறிக்கடை. பெட்டிதான் இல்லை. நைனாவின் சாப்பாட்டுத் தூக்கில் ஐஸ் நிரப்பி வைத்துவிட்டேன். இப்போது வந்து கேட்கட்டும்.