பூனைக்குப் பூசிய கந்தகம்

14.8.1979, செவ்வாய். ஈப்போ.

1. பூனையைக் குளிப்பாட்டியது.
2. சொறிக்கு மருந்து பூசியது.
3. பயப்பட ஒன்றுமில்லை.

வெதுவெதுப்பான நீரில்தான் குளிப்பாட்டினேன். காதில் தண்ணீர் போகவில்லை. துவட்டிய பிறகு, ரப்பர் மரங்களுக்குத் தூவும் கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினேன். நான் கிராணியாகக் கணக்கெழுதிய ரப்பர் தோட்டத்தில் சொறிநாய்களுக்கு அதைத்தான் பூசுவார்கள். மாலையில் பூனை இரண்டு முறை வாந்தி எடுத்தது.

அது மருமகள் ராணி வளர்க்கும் பூனை. “நாய்க்குச் சரி மாமா. இது நாள் முழுக்க உடம்ப நக்கிக்கிட்டே இருக்கும்லா,” என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் இரவு அவள் சாப்பிடவில்லை.

இருவரும் ஈரத்துணியால் எண்ணெயைத் துடைத்தெடுத்தோம். மிருக வைத்தியர் காலையில்தான் வருவார். இப்போது கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன். மூச்சு இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

மூன்றாவதாக எழுதியது தவறு.