மிளகளவு காயம்

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். போனில் பேசினால் எல்லாவற்றையும் அவளே பேசி முடித்துவிட்டு, கடைசியில் “சாப்பிட்டியாம்மா?” என்பதை மட்டும் எனக்கு மிச்சம் வைக்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியவன், எழுதுவதில் எனக்கு அனுபவம் அதிகம்.

மஞ்சளில் இருக்கும் ஏதோ ஒன்று தழும்புச் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது என்று எழுதியிருந்தாய். விடுவேனா? வெல்டிங் பொறி பட்டு என் தோளில் தழும்பு புடைத்துக் கிடக்கிறதே, நீ கெலாய்டு என்பாயே, அதன்மேல் அரைத்துப் பூசிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். காலரெல்லாம் மஞ்சள். “என்னய்யா, வீட்ல உன்னையே போட்டுத் தாளிச்சிட்டாங்களா?” என்றார் முதலாளி. எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். பட்ட காயம் மிளகளவு, வளர்ந்தது கொட்டைப்பாக்கு அளவு. அது மட்டும் ‘நீ யாருடா’ என்பதுபோல அப்படியே இருக்கிறது.

அடுத்து எந்தச் செடி? சீக்கிரம் எழுது.

உன் மஞ்சள் அப்பா


பிப்ரவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்துச் சிரித்ததில், பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டாள். ஆனால் ஒன்று. நாங்கள் சோதிப்பது கண்ணாடித் தட்டில் வளரும் செல்லை. அதற்கு மேலே தோல் கிடையாது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து நேரே அதன் தலையிலேயே விடுகிறோம். நீங்கள் அரைத்துப் பூசுவது உள்ளே போகவே போகாது. பூசாதீர்கள்.

இந்த வாரம் பூண்டைப் பற்றிய ஆய்வுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது. வேண்டாம் அப்பா.

உங்கள் மகள்


மார்ச் 20

அன்பு மகளுக்கு,

நீ ‘வேண்டாம்’ என்று எழுதிய வரி அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் பூண்டு வரைக்கும் படித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

நசுக்கி வைத்துத் துணி கட்டிப் படுத்தேன். விடிந்து பார்த்தால் தழும்புக்குப் பக்கத்தில் கொப்புளம், சுட்ட மாதிரி. “பொறி பட்டது விபத்து. இது நீங்களா வச்சுக்கிட்ட கொள்ளி” என்கிறாள் உன் அம்மா. இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஒரு விதத்தில் அது நிம்மதிதான், அவளிடம் சொல்லிவிடாதே.

அடுத்தது கொஞ்சம் சாதுவான செடியாகப் பார்த்து எழுது.

உன் பூண்டு அப்பா


மார்ச் 31

அப்பாவுக்கு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் தோலின் சுபாவம் அப்படி. அந்தக் கொப்புளம் ஆறும்போது அதுவே இன்னொரு கெலாய்டாக வளரலாம். உடனே தோல் டாக்டரிடம் போங்கள்.

நான் எழுதிய ஒரு வார்த்தையால் உங்கள் தோளில் காயம். இனி எந்தச் செடியின் பெயரையும் எழுத மாட்டேன்.

இங்கே மழை. நான் நலம்.

மகள்


ஜூன் 15

அன்பு மகளுக்கு,

‘இங்கே மழை. நான் நலம்.’ அதற்கப்புறம் வந்த மூன்று கடிதத்திலும் இதேதான். உன் ஊர் மழை எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

டாக்டரிடம் போனேன். புண் ஆறிவிட்டது. ஓரம் லேசாகத் தடித்ததால் ஊசி போட்டார், ஒட்டிக்கொள்ள ஒரு சிலிக்கான் பட்டையும் கொடுத்தார். ஒழுங்காக ஒட்டிக்கொள்கிறேன். உன் அம்மா சாட்சி.

ஒன்று சொல்கிறேன் கேள். தழும்பு போகவேண்டும் என்றா பூசினேன்? அது இத்தனை வருஷமாக வாடகை தராமல் குடியிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். உன் கடிதத்தில் செல், புரதம் என்று என்னென்னவோ வரும். இரண்டு தரம் படித்தாலும் மண்டையில் ஏறாது. நடுவில் மஞ்சள் என்று ஒன்று வரும். தெரியாத ஆட்கள் நிறைந்த கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று தென்பட்டால் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்போமே, அப்படி. பூசிக்கொண்டால் நானும் உன் ஆய்வகத்தில் ஒரு ஓரமாக நிற்கிற மாதிரி இருந்தது. என் வைத்தியம் அவ்வளவுதான்.

இனிப் பூசமாட்டேன். மழையை நிறுத்தம்மா.

உன் அப்பா


ஜூலை 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை நீங்கள் எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

நானும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் சோதனை தோற்றுவிட்டது. தட்டில் அடங்கிய செல்கள், மேலே தோல் வைத்துப் பார்த்தபோது அடங்கவில்லை. உங்களுக்குச் சொன்னேனே, உள்ளே போகாது என்று. எங்களுக்கும் போகவில்லை. வீட்டில் சொல்ல நினைத்து உட்காருவேன். செடி பெயர் இல்லாமல் எப்படிச் சொல்வது? மழை என்று எழுதி ஒட்டிவிடுவேன். விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்தச் செடி வல்லாரை. எழுதிவிட்டேன் அப்பா. உங்களை நம்பி.

உங்கள் மகள்


ஜூலை 22

அன்பு மகளுக்கு,

பட்டறைக்குப் போகிற வழியில் குழாய் கசிகிற இடத்தில் வல்லாரை படர்ந்து கிடக்கிறது. இத்தனை நாளும் மிதித்துத்தான் போயிருக்கிறேன். நேற்று இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். கூட வந்த பெயிண்டர், “என்ன அண்ணே, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?” என்றான்.

“இல்லப்பா. என் பொண்ணு இதுகிட்ட தோத்துட்டாளாம். ஆள் எப்படின்னு பார்க்கறேன்.”

அவனும் குனிந்து பார்த்தான். “பார்த்தா அப்பாவியா இருக்கே அண்ணே.”

“அதான் ஆபத்து” என்றேன். ஒரு இலையைக்கூடத் தொடவில்லை.

வேலையை விடுவது உன் இஷ்டம். அதற்கு முன்னால், அது தோலைத் தாண்டி ஏன் உள்ளே போகவில்லை என்று எனக்கு விவரமாக எழுது. எத்தனை பக்கமானாலும் எழுது. புரியாத இடத்திலெல்லாம் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

உன் அப்பா